ஆறு ஆடுகளும் ஒரு சோலார் பேனலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காலிங் பெல் அடித்தது. பெல் அடித்தது என்றால் கரண்ட் இருந்தது என்று அர்த்தம். இந்தக் காலத்தில் அதுவே ஒரு நல்ல செய்திதான்!

கதவைத் திறந்தால் டை கட்டிய ஒருவர் நிற்கிறார். இருபத்தைந்து வயது இருக்கலாம். திண்டுக்கல் வெயிலில் டை... பார்க்கவே பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

மோரைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு பளபளப்பான நோட்டீஸை எடுத்து நீட்டினார். 'வெயிலுக்கு பில் கிடையாது!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

உண்மைதான். சூரியன் இதுவரை யாருக்கும் பில் அனுப்பியதில்லை. ஆனால் அந்த வெயிலைப் பிடிக்கிற பேனல், சேர்த்து வைக்கிற பேட்டரி, மாற்றிக் கொடுக்கிற இன்வெர்ட்டர், இதையெல்லாம் மாட்டிவிடுகிற ஆள்... இவர்கள் எல்லோரும் பில் கொடுப்பார்களே?

கேட்டேன். அவர் அசரவில்லை. இருபது நிமிடம் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"போட்ட காசு ஆறே வருஷத்துல திரும்ப வந்துடும் மேடம்."

அந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒருத்திக்குப் பெரிய பாடமே நடத்தியிருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். கேட்காதவர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வியாதி.

பவர் கட் ஆரம்பித்த நாளிலிருந்து உங்களில் பலர் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 'வீட்டுக்கு சோலார் போடலாமா? கட்டுப்படியாகுமா? உங்கள் அனுபவம் என்ன?' நானும் நைசாக நழுவிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது என் வீட்டு அனுபவம் இல்லை. ஸ்டெல்லா வீட்டு அனுபவம்.

ஸ்டெல்லா என் டெய்லர். பதினைந்து வருஷமாக என் ரவிக்கை அளவு எனக்குத் தெரியுமோ இல்லையோ, அவளுக்குத் தெரியும். முன்பு எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். அவள் கணவர் சேவியர் இங்கே ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் வேலை. அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. "பீடி பாதி, ஷாப்பு பாதி" என்று அவரே பங்கு பிரித்துச் சொல்வார். வேலைக்குப் போக முடியாமல் போனதும் இரண்டு பேரும் சேவியரின் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். குஜிலியம்பாறை பக்கம் ஒரு கிராமம். மானம் பார்த்த பூமி. கொஞ்சம் சோளம், கொஞ்சம் ஆடு, மிச்சத்துக்கு ஸ்டெல்லாவின் தையல் மிஷின்.

மாதம் ஒரு தரம் பஸ் ஏறி வருவாள். எனக்கும் இன்னும் நாலைந்து டீச்சர்களுக்கும் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு, சேவியருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போவாள்.

அவளைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டெல்லாவுக்கு எந்தப் பொருளையும் சும்மா வைக்க மனசு வராது. உறை தைத்துப் போட்டுவிடுவாள். டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. என் ஸ்கூட்டர் சீட்டுக்குக்கூட ஒன்று தைத்துக் கொடுத்தாள், ஓரத்தில் ஃப்ரில் வைத்து! அந்த ஸ்கூட்டரில் போய் ஸ்கூலில் இறங்கியபோது ஒன்பதாம் வகுப்பே சிரித்தது.

நீங்களும் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வாங்கி வந்த அன்றைய பிளாஸ்டிக் கவர் இன்னும் அதன் மேலேயே இருக்கிறதா, இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சேவியருக்குத் தினமும் மூன்று வேளை நெபுலைசர் வைக்க வேண்டும். மருந்தைப் புகைமாதிரி ஆக்கி மூக்கு வழியாக உள்ளே அனுப்புகிற சின்ன மிஷின். ஸ்டெல்லா அதற்கு வைத்த பெயர் 'மூச்சு மிஷின்'. பத்து நிமிடம் ஓடினால் போதும், மனிதர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவார். ஓடாவிட்டால் மீன்மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார். நான் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். இங்கே டவுனில் இரண்டு மணி நேரம் போனாலும் சொல்லிவிட்டுப் போகிறது. நமக்கு நேரம் தெரியும், அதற்கு முன்னால் மாவை அரைத்துவிடுகிறோம். அவள் ஊரில் அப்படி இல்லை. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

போன வருஷம் கோடை. ஒரு சனிக்கிழமை ரவிக்கைகளோடு வந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"டீச்சர், வீட்டுக்கு சோலார் போடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்லுறீக?"

"எவ்வளவாம்?"

"ஒரு பேனலு, பேட்டரி, மிஷின் ஓடுற மாதிரி இன்வெட்டரு, ரெண்டு லைட்டு, ஒரு சின்ன ஃபேனு... எல்லாஞ் சேத்து முப்பதாயிரத்துக்கு மேல வரும்கிறாக."

அவ்வளவுதான். என் கையில் சிவப்பு பேனா தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. திருத்திக்கொண்டிருந்த பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில் போட்டேன் கணக்கை.

"உன் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குக் கரண்ட் பில் எவ்வளவு வருது?"

சொன்னாள். ஒரு ரவிக்கைத் தையல் கூலிகூட இல்லை.

"அப்போ, போட்ட காசு திரும்ப எத்தனை வருஷம் ஆகும்? நீயே வகுத்துப் பாரு. அதுக்குள்ள பேட்டரியை எத்தனை தரம் மாத்தணும்? ஸ்டெல்லா, இது உன் பேரன் காலத்துலகூடத் திரும்பாது!"

அவள் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதோடு விட்டேனா? பெரிய மனசு பண்ணி என் வீட்டுப் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கிக் கொடுத்தேன். புதுசு வாங்கியிருந்ததால் அது சும்மாதான் கிடந்தது. "இது போதும் உனக்கு. காசு ஒண்ணும் வேண்டாம்."

கண்டக்டர் கையைக் காலைப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று முழுக்க எனக்கு என்னை நினைத்து ஒரே பெருமை. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு முப்பதாயிரம் மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறேனே!

பத்து நாள் கழித்து போன் பண்ணினாள். பேச்சுக்குப் பின்னால் 'கீ... கீ...' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"நீங்க குடுத்த இன்வெட்டருதான் டீச்சர். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழ வச்சு, உறையெல்லாம் தச்சுப் போட்டிருக்கேன். கத்திக்கிட்டே இருக்கு."

"அது சார்ஜ் ஆகணும்ல ஸ்டெல்லா?"

"எதுல டீச்சர் ஆகும்? கரண்டு இருந்தாத்தானே?"

இருக்கிற கொஞ்ச நேரமும் அங்கே வோல்டேஜ் கிடையாதாம். டியூப் லைட் கண்ணடிக்குமே தவிர எரியாதாம். அந்த வோல்டேஜில் பேட்டரி எங்கே சார்ஜ் ஆகும்? டவுனில் உட்கார்ந்துகொண்டு டவுன் கரண்டை வைத்து கிராமத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். கேள்வியையே தப்பாக எழுதிவிட்டு, விடை சரி என்று நானே எனக்கு டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் வந்தபோது ஸ்டெல்லா என்னிடம் யோசனை கேட்கவில்லை. தகவல் மட்டும் சொன்னாள்.

"ஆறு ஆட்டையும் வித்துட்டேன் டீச்சர். ரெண்டு சினை ஆடு. கையில இருந்ததையும் போட்டுச் சேத்துட்டேன். நீங்க நல்ல ஆளா ஒருத்தரை மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஏமாத்தாத ஆளா இருக்கணும்."

மழை பொய்த்தால் சோளம் போகும். ஆடு மட்டும்தான் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு பேங்க். அதை மொத்தமாக விற்றுவிட்டு வந்து நிற்கிறாள். இந்தத் தடவை நான் பேனாவைத் தொடவில்லை. என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவரிடம் விசாரித்து, ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தேன். கதிர்வேல் என்று பெயர். நாலு தோட்டத்து வீடுகளில் சோலார் மாட்டிப் பழக்கம் உள்ளவர்.

ஒரு வெள்ளிக்கிழமை போய் மாட்டிவிட்டு எனக்கு போன் பண்ணினார்.

"நல்லபடியா போட்டுட்டனுங்க மேடம். தெக்குப் பாத்து வச்சிருக்கறனுங்க. பேட்டரி ஃபுல் சார்ஜ்ல குடுத்திருக்கறனுங்க. அந்த அம்மாகிட்ட, விலை கூடுன சாமான், பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தனுங்க."

அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவும் பேசினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கரண்டு போயிருச்சு டீச்சர்! ஆனா மிஷின் ஓடுது! அவுக சிரிக்கிறாக!"

சனி, ஞாயிறு ஜம்மென்று ஓடியது. திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"நின்னு போச்சு டீச்சர்... பாதியில நின்னு போச்சு. அவுகளுக்கு இழுக்குது..."

பக்கத்து வீட்டுக்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் சேவியரை நடுவில் உட்கார வைத்து, ஸ்டெல்லா பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! கதிர்வேலுக்கு போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். ஆறு ஆட்டை விற்றுக் கொடுத்த காசு, மூன்று நாள் உழைக்காத பேட்டரியை எப்படிக் கொடுக்கலாம், ஒரு மனுஷன் செத்திருப்பாரே... அவர் பாவம், குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் மட்டும் சொன்னார்.

"நானும் அந்த அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டனுங்க மேடம். பேனல் மேல நிழல் ஏதாச்சும் விழுகுதுங்களான்னு கேட்டேன். 'சுத்துவட்டாரத்துல ஒரு மரமே இல்லையே'ன்னாங்க. தூசி படிஞ்சிருக்குதுங்களான்னு கேட்டேன். 'ஒரு பொட்டுத் தூசி இல்லை, பளிச்சுன்னு இருக்கு'ன்னாங்க. எனக்கே ஒண்ணும் புரியலீங்க. நாளைக்கு நேர்ல போறனுங்க."

"நானும் வர்றேன்" என்றேன். சண்டை போடத்தான். ஸ்கூலுக்கு லீவு போட்டேன்.

காலை பஸ்ஸில் போய் இறங்கி, ஊருக்குள் நடந்து சேர்வதற்குள் மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு ஒரு பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் அது பித்தலாட்டம் இல்லாமல் வேறு என்ன? கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் மனசுக்குள் நம்பர் போட்டு வைத்துக்கொண்டே போனேன்.

சேவியர் கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு முகமே இல்லை. கதிர்வேல் எனக்கு முன்பே பைக்கில் வந்துவிட்டிருந்தார். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி நல்லாருக்குதுங்க. காலியா இருக்குது, அவ்வளவுதானுங்க. மேல இருந்து கரண்டே வரலீங்க."

ஏணி போட்டு மாடிக்குப் போனார். கீழே நான் தயாராக நின்றேன்.

மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மேடம்... கொஞ்சம் மேல வாங்க."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏணி ஏறுவது எப்படி இருக்கும் என்று எழுதினால் அது தனி ஒரு பத்தி. எட்டிப் பார்த்தேன்.

பேனலைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பாட்டில் பச்சையில் ஒரு அழகான உறை. கனமான துணி. சுற்றிலும் ஓரத்துக்கு வெள்ளை பைப்பிங். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் நாடா வைத்து, ஸ்டாண்டோடு இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் மஞ்சள் நூலில் ஒரு சின்ன சிலுவை. தையலில் ஒரு பிசிறு இல்லை.

அந்தத் துணியை எனக்குத் தெரியும். எங்கள் ஸ்கூல் யூனிஃபார்ம் துணி. தைத்தது போக மிஞ்சியதை "நீயே வச்சுக்கோ" என்று நான்தான் கொடுத்தனுப்பினேன்.

கதிர்வேல் என்னைப் பார்த்தார். நான் கதிர்வேலைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்குமே வந்தது. ஆனால் கீழே ஸ்டெல்லா கையைப் பிசைந்துகொண்டு அண்ணாந்து நிற்பது தெரிந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டோம்.

"ஏனுங்கம்மா, இதை எப்பப் போட்டீங்க?" கதிர்வேல் குனிந்து கேட்டார்.

"நீங்க மாட்டிட்டுப் போன அன்னைக்கே ராவோட ராவாத் தச்சுட்டேன். விடிஞ்சதும் போட்டுட்டேன். ஏன்?"

"எதுக்குங்கம்மா போட்டீங்க?"

"எதுக்கா? நல்ல கரு நீலமால்ல இருக்கு! அம்புட்டு வெயில்ல கெடந்தா சாயம் வெளுத்துராதா? நீல ரவிக்கையவே நான் நெழல்லதான் காயப் போடுவேன். இம்புட்டு வெல குடுத்து வாங்குனதை வெயில்ல போட்டுக் கெடுப்பாகளா? நீங்கதானே பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொன்னீக?"

கதிர்வேல் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அப்புறம் அது எப்படிங்கம்மா வேலை செய்யும்? வெயில் பட வேண்டாமுங்களா?"

"சூடு எறங்குதே! உறைக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். தோசைக்கல்லு கணக்கா கொதிச்சுச்சு. சூடு இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

"சூடு இல்லீங்கம்மா. வெளிச்சமுங்க. வெளிச்சம் பட்டாத்தான் கரண்ட் வருமுங்க."

யோசித்துப் பார்த்தால் அவள் கதிர்வேலிடம் போனில் சொன்னது எல்லாமே சத்தியம். மரம் இல்லை. நிழல் இல்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. உறைக்குள் எப்படித் தூசி படியும்?

கதிர்வேல் நாடாக்களை அவிழ்த்து உறையை எடுத்தார். பேனல் வெயிலில் பளீரென்று மின்னியது. இறங்கி வந்து பார்த்தால், பேட்டரி பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது.

ஸ்டெல்லா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பச்சை விளக்கை அவள் பார்க்கவே இல்லை.

"அப்ப... அன்னைக்கு அவுக மூச்சை நாந்தான் நிறுத்தப் பாத்தேனா டீச்சர்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சொல்வது? இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொல்ல எந்த வாய்க்கு வரும்? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து சேவியர் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துப் பேசினார்.

"டீச்சர்... இந்த வீட்டுல அவ... எதைத்தான்... மூடாம விட்டா? நல்லவேளை... என்னைய... இன்னும் மூடல."

"பேச்சப் பாருங்க டீச்சர் இந்த மனுசனுக்கு!" என்று கத்தினாள் ஸ்டெல்லா. கத்திக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அதற்கப்புறம்தான் நாங்கள் சிரித்தோம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பேட்டரி சுத்தமாகக் காலி. சாயங்காலம் மிஷின் வைத்தாக வேண்டும். கரண்ட் இருக்குமா, இருக்காதா? மத்தியானம் ஒரு மணிக்கே போய்விட்டது. இனிமேல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

"நாலஞ்சு மணி நேரம் நல்ல வெயில் அடிச்சாப் போதுமுங்க" என்றார் கதிர்வேல். "லைட்டு, ஃபேன் ஒண்ணும் போடாதீங்க. மிஷினுக்கு மட்டும் சேத்து வைப்போம்." அவரும் போகவில்லை. வேறு வேலை இருந்திருக்கும். இருந்தாலும் உட்கார்ந்துவிட்டார். போனில் அவரை நான் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க மேடம், நானும்தான் சொல்லாம வந்துட்டனுங்க" என்றார்.

அந்த ஒரு மத்தியானம் மாதிரி வெயிலுக்காக நான் வேண்டிக்கொண்டது கிடையாது. திண்டுக்கல்காரி வெயில் வேண்டும் என்று வேண்டுவதா! ஸ்டெல்லா ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கு வருவாள், வானத்தைப் பார்ப்பாள், உள்ளே போவாள். மூன்று மணி சுமாருக்கு ஒரு மேகம் வந்து நின்றது. மழைக்கு ஏங்குகிற ஊர் அது. அந்த ஊர்க்காரி மேகத்தைப் பார்த்து, "போயேன் அங்கிட்டு!" என்று விரட்டினாள்.

மேகம் போய்விட்டது.

ஐந்து மணிக்கு சேவியருக்கு இழுக்க ஆரம்பித்தது. கரண்ட் வரவில்லை. கதிர்வேல் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார். "நீங்களே போடுங்கம்மா" என்றார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

மிஷின் 'டர்ர்' என்று ஓடியது. மாஸ்க்கில் வெள்ளைப் புகை வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... நாங்கள் மூன்று பேரும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடமும் ஓடி முடித்தது. சேவியர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "டீச்சருக்கு ஒரு காப்பியாச்சும் போட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார். ஒரே மூச்சில் கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. தப்பு யார் மேல்? அவளுக்குத் தெரிந்த தொழில் தையல். சாயம் வெளுக்கும் என்பது அவளுடைய படிப்பு. விலை உயர்ந்ததை வெயில் படாமல் காப்பாற்றுவது அவளுடைய அக்கறை. பேனலைத் தெற்கே பார்த்து வை, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்று, தூசியைத் துடை என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தவர், இதை மூடாதே என்று சொல்லவில்லை. அதுகூடவா ஒருத்தருக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். நானும் வகுப்பில் அப்படித்தான். 'இதுகூடவா தெரியாது' என்று நான் தாண்டிப் போன இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் ஃபெயில் ஆகியிருப்பார்கள்.

அவளாவது அக்கறையில் தப்புப் பண்ணினாள். நான்? நான் போட்ட கணக்கில் பேனல் இருந்தது, பேட்டரி இருந்தது, கரண்ட் பில் இருந்தது. சேவியர் இல்லை. அந்தப் பேப்பரில் அவருடைய பெயரையே நான் எழுதவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் மொட்டை மாடியில் மத்தியானம் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பேட்டரி நாலைந்து வருஷத்தில் கையை விரிக்கும், அதற்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். தூசி துடைக்க யார் மேலே ஏறுவார்கள் என்று வீட்டில் சண்டை போட்டு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். டவுனில் இரண்டு மணி நேர பவர் கட்டில் சீரியல் பார்க்கத்தான் என்றால், ஒரு இன்வெர்ட்டரே போதும். சோலாரில் போட்ட காசு கண்டிப்பாகத் திரும்பாது. ஆனால் கரண்ட் நின்றால் உங்கள் வீட்டில் எது நின்று போகும் என்று முதலில் யோசியுங்கள். சிலர் வீட்டில் ஃபேன் நிற்கும். சிலர் வீட்டில் மூச்சு நிற்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கைப் போடாதீர்கள்.

டை கட்டியவரிடம் வருகிறேன். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே மூன்று மாடி ஃப்ளாட் வந்துவிட்டது. பதினொரு மணி வரை மாடியில் வெயிலே கிடையாது. "எங்களுக்கு வேண்டாம் தம்பி" என்றேன். முகம் வாடிவிட்டது. மனசு கேட்காமல் இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன். கூடவே ஒன்று கேட்டேன்.

"நீங்க மாட்டிக் கொடுக்கிற வீட்டுல, பேனலை மூடி வைக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அது யாருக்கு மேடம் தெரியாது?"

"தெரியாதவங்க இருக்காங்க. சொல்லுங்க. எழுதியே கொடுங்க."

நான் சிரிக்காமல் சொன்னதாலோ என்னவோ, நோட்டீஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

ஸ்டெல்லா போன மாதமும் வந்திருந்தாள். சேவியர் நன்றாக இருக்கிறாராம். புதுசாக இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கிறார்களாம். எனக்கு ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாள். பாட்டில் பச்சை, வெள்ளை பைப்பிங். அந்த உறையைப் பிரித்துத் தைத்ததுதான். பரீட்சைப் பேப்பர் கொண்டு போக வசதியாக இருக்கிறது. என்ன, யூனிஃபார்ம் துணி என்பதால் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜிப் இல்லை. மேலே மடித்துவிடுகிற மூடியும் இல்லை. "மழை பெஞ்சா பேப்பர் நனையுமே ஸ்டெல்லா?"

"நனைஞ்சாக் காய வச்சுக்கிரலாம் டீச்சர். இனிமே நான் எதையும் மூடுறதா இல்ல" என்றாள் உறுதியாக.

சொல்லிவிட்டுக் கிளம்பியவள், போகிற போக்கில் சமையலறையில் திறந்து கிடந்த என் மோர்ச் செம்பை ஒரு தட்டு போட்டு மூடிவிட்டுத்தான் போனாள்!